அந்தக் கவுனை யாரும் கொடுக்கவில்லை

போன கிழமை பதுளையிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியது பிரதீபன். பொறியியலாளர்கள், கட்டடக் கலைஞர்கள், நில அளவையாளர்கள், எங்களைப் போன்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் எல்லோரும் சேர்ந்திருக்கிற சங்கத்தின் புதிய செயலாளர். நான் ஓய்வு பெறும்போது அவன் வேலைக்குச் சேர்ந்த புதிது. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினான். இந்த வருஷ மணல்கோட்டை நாளுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். முதல் மணல்கோட்டை நாளில் நின்று வேலை செய்தவன் நான் என்பதால் நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"சேர், அந்தத் தோட்டத்துப் பிள்ளைங்க உடுத்திட்டு வந்த நல்ல உடுப்பையே மடுல்சீமை ஏழைப் பிள்ளைங்களுக்குக் கழட்டிக் குடுத்தாங்களே, அதை எழுதுங்க. படிக்கிறவங்களுக்கு மனசு உருகணும்" என்றான்.

எனக்கு உருகவில்லை, எரிந்தது. போனை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பிறகு உள்ளே வந்து எழுத உட்கார்ந்தேன். பிரதீபன், நீ கேட்டதை எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் நாள் கூலிக்குப் பேர் போட்டுத்தான் எங்களை வளர்த்தார்கள். படித்தேன், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், வீதித் திணைக்களத்தில் சேர்ந்தேன். அதில் கதை ஒன்றும் இல்லை, உங்களில் பாதிப் பேருக்கும் அதே வழிதான். வேலையை நான் படித்தது நளீம் சேரிடம். அவர் எங்கள் பிரதான பொறியியலாளர். பதுளை பஸாரில் உடுப்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் பாடசாலை விட்டு வந்து கடையில் துணி மடித்தவர்.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பெரகலவுக்குக் கீழே ஒரு மதகு வேலை நடந்தபோது, வேலையை ஒப்பந்தத்துக்கு எடுத்த கொந்தராத்துக்காரர் மணல் இறக்கியிருந்தார். சேர் ஜீப்பை விட்டு இறங்கினார். ஒரு பிடி மணலை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கையைத் தட்டிவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். செம்மண் கறை. ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கையைக் கொந்தராத்துக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அந்த ஆள் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார், மகளின் கலியாணத்துக்கு அழைத்தார், இந்த ஒரு தரம் என்று கெஞ்சினார். சேர் கையை இறக்கவே இல்லை. கடைசியில் மணலைத் திரும்ப ஏற்றினார்கள். போகும் வழியில் என்னிடம், "கறை ஒட்டினா ஒட்டினதுதான் தம்பி. கழுவிட்டு நல்ல மணல்னு சொல்லப் படாது" என்றார். அதற்குப் பிறகு மணல் என்றால் நானும் முதலில் கையில்தான் தேய்த்துப் பார்ப்பேன்.

மணல்கோட்டை யோசனையைக் கொண்டு வந்தவர் சுதர்சன். கொழும்பிலிருந்து வந்து பதுளையில் கிளை அலுவலகம் திறந்திருந்த கட்டடக் கலைஞர், சங்கத்தில் பெரிய செல்வாக்கு. கடற்கரையில் செய்கிறார்கள், நாமும் செய்யலாம் என்றார். ஒவ்வொரு கம்பனியும் ஓர் அணி. அணியில் பாதி தொழில்காரர்கள், பாதி தோட்டத்துப் பிள்ளைகள். கம்பனிகள் தருகிற காசில் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு மலசலகூடம். அந்தப் பாடசாலைப் பிள்ளைகளே கோட்டை கட்ட வருவார்கள். கூடவே இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்: அணிக்காரர்கள் வீட்டில் கிடக்கிற பழைய உடுப்புகளைக் கொண்டு வந்தால், அதை அன்றைக்கே லொறியில் ஏற்றி மடுல்சீமைத் தோட்டம் ஒன்றுக்கு அனுப்பிவிடலாம்.

மலசலகூடம் கட்டினோம். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கும் நிற்கிறது. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதைக் காட்டித்தான் அடைக்கப் பார்க்கிறார்கள்.

பதுளையில் கடல் ஏது? மணலுக்குப் பொறுப்பு நான். மகியங்கனைப் பக்கத்திலிருந்து ஆற்று மணல் வந்தது. ஆற்று மணல் பருமன், அப்படியே பிடித்து வைத்தால் உதிர்ந்துவிடும். சின்னக் கண் வலையில் அரித்தோம். அலுவலகத்துக்குப் பின்னால் நானும் நளீம் சேரும் கட்டிப் பார்த்தோம். அடி இல்லாத பீப்பாயை நிறுத்தி, ஒரு சாண் உயரத்துக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, மிதித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த சாண். ரோட்டுக்கு மண் நிரப்புகிற அதே முறைதான். பீப்பாயைக் கழற்றிய பிறகு மேலே இருந்து கீழே செதுக்கி வர வேண்டும். கீழே முதலில் கை வைத்தால் எல்லாம் தலையில் விழும். மிதிக்கிற வேலைக்குப் பெரியவர்களை விடப் பிள்ளைகள்தான் வசதி, பீப்பாய்க்குள் இறங்கிக் குதிக்கலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்று சேர் சந்தோஷப்பட்டார்.

மணல்கோட்டை நாளன்று காலை மைதானத்துக்கு பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். எல்லாப் பிள்ளையும் தீபாவளி உடுப்பில். பையன்கள் புதுச் சேர்ட்டும் கலுசானும், தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்து. பெண் பிள்ளைகள் மினுக்குத் துணிக் கவுன், வளையல், பொட்டு, பூ. தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது விளக்கத் தேவையில்லை. டவுனுக்கு இறங்குவதென்றால் நல்ல உடுப்பு. பெரிய ஆட்கள் வருகிற இடம் என்றால் இருப்பதிலேயே நல்லது. மணலில் விளையாடப் போகிறோம் என்று டீச்சர் சொல்லித்தான் இருந்தார். அம்மாமார் காதில் விழுந்தது வேறு: எஞ்சினியர் ஐயாமாரோடு நம்ம பிள்ளை நிற்கப் போகிறது.

பிள்ளைகள் மணலுக்குள் காலை வைக்கவில்லை. ஓரத்திலேயே நின்றார்கள், கவுனை முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. அவர்களோடு உதவிக்கு வந்த ஒரு தாயை அப்போதுதான் பார்த்தேன். பெயர் சாந்தி, தேயிலைக் கொழுந்து எடுப்பவர், அன்றைய பேரையும் அதன் கூலியையும் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய மகள் கவிப்பிரியா, ஆறாம் வகுப்பு. மாம்பழ மஞ்சளில் ஒரு கவுன், அதே துணியில் தலைக்கு ஒரு ரிப்பன். நளீம் சேர் அந்தக் கவுனைப் பார்த்ததும் சிரித்தார். இது பஸாரில் அண்ணன் நானா நடத்துகிற எங்கள் கடைத் துணி என்றார். கீழ் ஓரத்தைக் காட்டினார். நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துக் கையால் தைத்திருந்தது. பிள்ளை வளர வளரப் பிரித்து விடுவதற்கு. தீபாவளிக்குக் கடைக்கு வருகிற தாய்மார் ஓர் அளவு பெரிதாகத்தான் எடுப்பார்கள், அந்த உடுப்பு இரண்டு மூன்று வருஷம் தாங்க வேண்டும் என்று விளக்கினார். சாந்திக்கு வெட்கமும் பெருமையும். சித்திரையில் தோட்டத்துக் கோயில் தேருக்கும் இதுதான் என்றார்.

அந்த நேரத்தில் சுதர்சன் வந்தார். பிள்ளைகளைப் பார்த்தார், படம் எடுக்க வந்திருந்த ஆளைப் பார்த்தார், முகம் சுருங்கியது.

"என்ன சண்முகம் இது, கலியாண வீட்டுக்கு வந்த மாதிரி? இந்தப் படத்தைப் பார்த்தா யார் உதவி செய்வான்?"

என்னிடம்தான் சொன்னார், ஆனால் சாந்தி பக்கத்தில் நின்றார். கேட்காமல் இருந்திருக்க முடியாது. நான் சொன்னேன், உடுப்புப் பாழாகிவிடும் என்றுதான் பிள்ளைகள் தயங்குகிறார்கள், கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று. அவரிடம் நேரம் இல்லை. கம்பனிப் பெயர் அடித்த டீசேர்ட் மூட்டை மூட்டையாக வந்திருந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொன்று கொடுத்து, பவிலியனுக்குள் அனுப்பி மாற்ற வைத்தார். எனக்குப் பெரட்டுக் களம் ஞாபகம் வந்தது. காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற அந்த இடத்தைத் தாண்டி வருவதற்குத்தான் என் அப்பா என்னைப் படிக்க வைத்தார். டீசேர்ட் எல்லாம் பெரியவர் அளவு, பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

கழற்றிய உடுப்புகளைக் கறுப்புப் பைகளில் போட்டார்கள். சாந்தி கவுனை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் கையிலயே வச்சிருக்கேங்க" என்று இரண்டு தரம் சொன்னார். மைதானத்துக்குள் யாரும் எதையும் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது, படத்தில் விழும், பைக்குப் பெயர் ஒட்டித்தான் வைப்போம் என்று சுதர்சனின் ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள். பெயர் ஒட்டவில்லை. ரிப்பன் மட்டும் பிள்ளையின் தலையில் இருந்தது, அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்கக் கூடாது. அந்த முற்பகல் நன்றாக இருந்தது. பிள்ளைகள் பீப்பாய்க்குள் இறங்கி மிதித்த மிதியில் மைதானமே அதிர்ந்தது. நில அளவையாளர் ஒருவர் கவிப்பிரியாவின் கையில் கரண்டியைக் கொடுத்து, மேலே இருந்து செதுக்கக் காட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சன்னல் வெட்டினாள். கோட்டைக்கு ஏன் அம்மா இவ்வளவு சன்னல் என்று கேட்டதற்கு, எங்க லயத்துல சன்னல் இல்லைங்க, அதான் என்றாள். அவர் இன்னொரு கரண்டியை எடுத்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இன்னும் வெட்டினார்கள். வெயில் ஏறியதும் சுவர்கள் காய்ந்து உதிர்ந்தன, பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். இப்படி ஒரு நாளை நாசமாக்க எவ்வளவு அலட்சியம் வேண்டும் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

வெயில் சாய்ந்தது. பிள்ளைகள் உடுப்பு மாற்றப் பவிலியனுக்குப் போனார்கள். பைகள் இல்லை. அணிக்காரர்கள் கொண்டு வந்த பழைய உடுப்புகளையும் அதே கறுப்புப் பைகளில்தான், அதே மூலையில்தான் வைத்திருந்தார்கள். லொறிக்காரர் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டார். ஈர டீசேர்ட்டோடு பிள்ளைகள் குளிரில் நின்றார்கள். சின்னதுகள் அழத் தொடங்கின. வீட்டில் அடி விழும் என்று ஒரு பையன் விக்கி விக்கிச் சொன்னான்.

சுதர்சன் வந்து பார்த்தார். கையில் அவர் அணி வென்ற கிண்ணம். பதறவில்லை. லொறி போன பிறகு வந்து சேர்ந்த பழைய உடுப்பு ஒரு பை பின்னால் இருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளட்டும், கொழும்புச் சாமான், இதுகள் போட்டு வந்ததை விட நல்லதாகவே இருக்கும் என்றார்.

சாந்தி முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை.

"எங்க புள்ளைகளுக்கு உடுப்பு இல்லைன்னு நாங்க இங்க வரலைங்க. உடுத்தித்தான் கூட்டியாந்தோம்."

சுதர்சன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவரிடம் அப்போது சொன்னதை மலரில் போட முடியாது. நளீம் சேர் என் தோளில் கை வைத்து நிறுத்தினார். டீச்சரிடம், பிள்ளைகளைப் போர்வை சுற்றி பஸ்ஸில் ஏற்றுங்கள், நாளைக் காலை நாங்கள் மடுல்சீமைக்குப் போகிறோம், நீங்களும் ஒரு தாயும் அடையாளம் காட்ட வாருங்கள் என்றார். போர்வையைத் தன் வீட்டிலிருந்தே வரவழைத்தார்.

மறுநாள் டீச்சரையும் சாந்தியையும் ஏற்றிக்கொண்டு போனோம். ரோடு உங்களுக்குத் தெரியும், குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். நாங்கள் போய்ச் சேரும்போது அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு முன்னால் உடுப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரிக்காத பைகளில் எங்கள் பிள்ளைகளின் உடுப்பு கொஞ்சம் கிடைத்தது. மற்றவை கை மாறிவிட்டன. சாந்தி சட்டென்று நின்றுவிட்டார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். மாம்பழ மஞ்சள் கவுன். கவிப்பிரியாவை விடச் சின்னப் பிள்ளை, தன் பழைய சட்டைக்கு மேலேயே போட்டிருந்தது. நடக்கும்போது தடுக்கியது. தடுக்காமல் இருக்க இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது, முந்தின நாள் மைதானத்தில் எங்கள் பிள்ளைகள் பிடித்த மாதிரியே. அந்தப் பிள்ளையின் தாய் எங்களைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "ஐயாமாரு குடுத்ததுங்க. புதுசுங்க, சாயம்கூடப் போகலை" என்றார்.

நான் சாந்தியைப் பார்த்தேன். நளீம் சேரும் பார்த்தார். சாந்தி வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கவுன் கைக்கு வந்துவிடும். சாந்தி அந்தப் பிள்ளையிடம் போனார். குனிந்து ஓரத்தின் தையலைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய தையல்தான். "நல்லா இருக்கு கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து ஜீப்பில் ஏறினார்.

பாதி வழி வந்தோம். பிறகு சாந்திதான் பேசினார். "அந்தப் புள்ள மேல இருந்து கழட்டினா நான் என்ன மனுசி? கழட்டாம வந்துட்டேன், இப்ப எம் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? என்னைய ஏங்க இந்த எடத்துல நிறுத்துனீங்க?"

நளீம் சேர் உடனே சொன்னார், போகிற வழியில் கடைக்குப் போவோம், அதே துணி இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் எடுத்துத் தருகிறேன், இது என் பொறுப்பு என்று.

"வேணாங்க சேர். நீங்க நல்லவருதான். ஆனா இப்ப வாங்கிக் குடுத்தா அதுவும் தருமம் ஆயிரும். எடுத்தது எடுத்ததுதான்னு ஒத்துக்கச் சொல்லுங்க. எல்லாரும் தோட்டத்துக்கு வந்து, எங்க புள்ளைக முன்னால நின்னு மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. அது போதும்."

கேட்டது அவ்வளவுதான். ஒரு பின்னேரம் தோட்டத்துக்கு ஏறிப் போய் ஒரு வார்த்தை. சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் நளீம் சேர் அதை வைத்தார். படித்த மனிதர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மன்னிப்பு என்றால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்றார் ஒருவர். உதவி செய்த கம்பனியின் பெயர் கெடும் என்றார் இன்னொருவர். இதைப் பெரிதாக்கினால் அடுத்த வருஷம் ஒருவனும் காசு தர மாட்டான், நஷ்டம் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் என்றார் சுதர்சன். சேர் எல்லாவற்றையும் கேட்டார். பழக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எழுந்து போய்விட்டார், பிறகு அந்தக் கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை.

அவரும் நானும் தோட்டப் பாடசாலைக்குப் போனோம். பிள்ளைகள் முன்னால் நின்று, உங்கள் உடுப்பைத் தொலைத்தது நாங்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே என்றார். அந்த வயதில், அந்தப் பதவியில், தலை குனிந்து சொன்னார். சாந்தி கும்பிட்டார். ஆனால் விட்டுக் கொடுக்கவில்லை. "நீங்க எடுக்கலைங்க சேர். எடுத்தவங்க வரணும்" என்றார். சேர் சொன்னார், அது சரிதான் என்று.

எடுத்தவர்கள் வரவில்லை. வராதது போதாதென்று அந்த வருஷக் கடைசிப் பொதுக் கூட்டத்தில் சுதர்சன் மேடையில் ஒரு கதை சொன்னார். தோட்டத்துப் பிள்ளைகள் தங்களை விட ஏழையான பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டதும், போட்டிருந்த புது உடுப்பைக் கழற்றி மனசாரக் கொடுத்துவிட்டு டீசேர்ட்டோடு வீட்டுக்குப் போனார்களாம். மண்டபம் முழுக்கக் கைதட்டல். நான் எழுந்து, பொய் என்றேன். நேரமாகிவிட்டது, தேத்தண்ணி ஆறுகிறது என்று தலைவர் கூட்டத்தை முடித்தார். அன்றிலிருந்து அந்தப் பொய் வருஷா வருஷம் வளர்ந்து, இப்போது பிரதீபன் மாதிரி நல்ல பிள்ளைகள் வாயில் உண்மையாக நிற்கிறது. கவுனைப் பறித்தது ஒன்று. பறித்ததைக் கொடை என்று பெயர் வைத்து, அந்தத் தாயைக் கோபப்படவும் முடியாதவளாக்கியது அதை விடக் கேவலம். என் உத்தியோக காலத்தில் நான் பார்த்த எந்தக் கலப்பட மணலும் இவ்வளவு அழுக்காக இருந்ததில்லை.

நளீம் சேர் இப்போது இல்லை. கவிப்பிரியா உயர்தரம் படிக்கிறாள். இந்த வருஷம் அவளை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், நீங்கள் கூட்டி வாருங்கள் என்று பிரதீபன் போனில் சொன்னான். உடுப்பை எடுத்தவர்களே இப்போது ஆடை போர்த்துகிறார்கள்.

சொல்ல வேண்டியது என் கடமை என்பதால் அவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். பொன்னாடை என்றதும் அந்தப் பிள்ளை போனைத் தாயிடம் கொடுத்துவிட்டாள். சாந்திக்கு இப்போது முழங்கால் வலியாம், மலை ஏற முடியவில்லையாம். ஆனால் குரல் அன்று ஜீப்பில் கேட்ட அதே குரல்தான். மேடைக்கு வர மாட்டோம், அவர்கள்தான் இங்கே வர வேண்டும், அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும் என்றார். நாங்களே கொடுத்தோம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்த ரிப்பன் இன்னும் எங்கிட்டத்தான் இருக்குங்க சேர். மனசாரக் குடுத்திருந்தா அதையும் சேத்துக் குடுத்திருக்க மாட்டோமா?"